பவுனைக் குறைத்து எழுதாதீர்கள்

பூட்டு உடைந்து, துணிமணியெல்லாம் தரையில் இறைந்து கிடக்கும் வீட்டைப் பார்த்தவுடன் யாருக்கும் கால் பீரோவை நோக்கித்தான் போகும். எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று தெரியாமல் மனசு ஆறாது. ஆனாலும் வாசலிலேயே நின்று 100 அல்லது 112-ஐ அழைப்பதுதான் சரி. திருடன் இன்னும் உள்ளேயே இருக்கலாம். தவிர, பீரோவின் வழவழப்பான இரும்புக் கதவு, கைப்பிடி, நகைப்பெட்டியின் மூடி எல்லாம் கைரேகை நன்றாகப் பதியும் இடங்கள். ஆறுதல் சொல்ல வந்த அக்கம்பக்கத்தார் நாலு பேர் தொட்டாலே அது கலைந்துவிடும். கைரேகைப் பிரிவினர் வந்து போகும்வரை வீட்டைப் பெருக்கக்கூட வேண்டாம். ஏடிஎம் கார்டோ காசோலைப் புத்தகமோ போயிருப்பது தெரிந்தால், உடனே வங்கிக்குச் சொல்லி முடக்கிவிட வேண்டும்.

அடுத்தது புகார் மனு. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். ரசீது வேறு, வழக்கு வேறு. வீடு புகுந்து திருடியது போன்ற குற்றத்துக்கு எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரச் சொல்கிறது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்; அதிலும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அந்த மனுவில் பவுனைக் குறைத்து எழுதுவதுதான் நம் குடும்பங்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் பெரிய கெடுதல். முப்பது பவுன் போன வீட்டில் பத்து என்று எழுதுவதற்குக் காரணம் வருமான வரி பயம். மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரையிலான நகைகளைச் சோதனையின்போது பறிமுதல் செய்ய வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. 500 கிராம் என்றால் 62 பவுனுக்கும் மேல். சாதாரணக் குடும்பம் பயந்து மறைக்க அதில் எதுவும் இல்லை. விட்டுப்போன பொருள் பிறகு நினைவுக்கு வந்தால் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். தெரிந்தே மறைத்த இருபது பவுனை நகை பிடிபட்ட பிறகு சேர்க்கப் போனால் யார் நம்புவார்கள்? ஒவ்வொரு நகைக்கும் எடை, வேலைப்பாடு, கடை முத்திரை, புது நகையானால் ஆறு இலக்க ஹால்மார்க் எண் என்று எழுதுங்கள். பில் இல்லையென்றால், அந்த நகை கழுத்தில் தெரியும் கல்யாண போட்டோவைச் சேர்த்துக் கொடுங்கள்.

போன நகை எங்கே திரும்பப் போகிறது என்று கேட்பவர்களின் சலிப்பு நியாயமானதே, எல்லாருக்கும் திரும்புவதில்லை. ஆனால் வேறொரு திருட்டில் சிக்குகிறவன் பழைய திருட்டுகளையும் ஒப்புக்கொள்வது உண்டு. அப்போது மீட்ட நகையை எப்.ஐ.ஆர். பட்டியலோடுதான் ஒப்பிடுவார்கள், பட்டியலில் இல்லாத நகையை உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. வழக்கு முடியும்வரை அது ஸ்டேஷனில் கிடக்க வேண்டியதும் இல்லை: போட்டோ எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லியிருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். தகவல் வரவில்லையென்றால் எப்.ஐ.ஆர். நகலோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கேளுங்கள்.