கைக்காத கோப்பி: வீட்டில் போடும் முறையைத் தெரிவு செய்வது எப்படி?

அம்மாவுக்கு வயது 74. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு முழு இரவு நித்திரை கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு மணிக்கு எழும்புவார், வாசல் கதவைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பிப் போய்ப் படுப்பார். மூன்று மணிக்கு மறுபடியும் எழும்புவார். நான்கரைக்கு அடுப்பு மூட்டிவிடுவார். அடுப்பில் முதலில் ஏறுவது கோப்பிக் கேத்தில்தான்.

சென்ற வருடம் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது வைத்தியர் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிப்பியள் அம்மா?"

"ரெண்டு" என்றார் அம்மா. நான் அவரைப் பார்த்தேன். "நாலு" என்று திருத்தினார். உண்மையில் ஐந்து. கடைசிக் கோப்பி இரவு ஏழு மணிக்கு.

கோப்பியை விடும்படி வைத்தியர் சொல்லவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம் என்றார். கொழுப்புக் கூடியிருப்பதால் கொதிக்க வைத்த கோப்பியைக் குறைக்கும்படியும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அம்மா ஒரு வசனம்தான் கதைத்தார். "இனி இதையும் பறிக்கப் போறியளோ?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஐந்து கோப்பியை இரண்டாக்குவது என்றால் அந்த இரண்டும் முந்தின ஐந்தையும் விட நன்றாக இருக்கவேண்டும் என்பது மட்டும் விளங்கியது. அதற்காகத்தான் கோப்பி போடுவதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றாக எங்கள் குசினியில் செய்தும் பார்த்தேன். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் நிறைய இருப்பதால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கைப்பு எங்கிருந்து வருகிறது?

வறுத்த கோப்பிக்கொட்டையில் ஏறத்தாழ 30 வீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. மிச்சமெல்லாம் சக்கை. அந்த 30 வீதமும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. முதலில் கரைவது புளிப்பு, பிறகு இனிப்பும் வாசமும், கடைசியாகத்தான் கைப்பும் துவர்ப்பும் வரும். தூளின் எடையில் 18 முதல் 22 வீதம் கரைந்த கட்டத்தில் நிறுத்தினால் கோப்பி நன்றாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு முன் நிறுத்தினால் புளிக்கும், தண்ணீராகவும் இருக்கும். தாண்டினால் கைக்கும்.

எங்கள் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தாண்டுவதுதான். விடிய கேத்திலில் தூளைப் போட்டுக் கொதிக்க விடுவோம். அடுப்புத் தணலில் அது அப்படியே கிடக்கும். எட்டு மணிக்கு யாராவது வந்தால் அதையே திரும்பச் சுடவைத்துக் கொடுப்போம். வாசம் ஆவியாகப் போய்விடும், கைப்பு மட்டும் மிஞ்சும். அந்தக் கைப்பை மறைக்கத்தான் இரண்டு கரண்டி சீனி போடுகிறோம். சலரோகம் உள்ள வீட்டில் இது தனிப் பிரச்சினை. சீனி குறைய வேண்டுமானால் முதலில் கைப்புக் குறைய வேண்டும்.

கரைவதைத் தீர்மானிப்பவை நான்கு: தூளின் அளவு, தூளின் பருமன், தண்ணீரின் சூடு, ஊறும் நேரம். தூள் மாவாக இருந்தால் வேகமாகக் கரையும், ஆகவே நேரம் குறைய வேண்டும். கரடுமுரடாக இருந்தால் நேரம் கூட வேண்டும். சூடு 92 முதல் 96 பாகைக்குள் இருப்பது நல்லது. வெப்பமானி தேவையில்லை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்தால் போதும்.

கொட்டையும் தூளும்

எங்களுக்குக் கிடைக்கும் கோப்பிக்கொட்டை மலையகத்திலிருந்து வருவது. இந்தக் கோப்பிக்கு ஒரு கதை இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் கண்டிச் சீமையில் தேயிலைக்கு முன் நின்றது கோப்பிதான். அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்துபோன எங்கள் சனத்தில் பெருந்தொகையானோர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே செத்தார்கள். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதன் பிறகுதான் தேயிலை பரவியது. இப்போது கோப்பி பெரும்பாலும் வீட்டுத் தோட்டப் பயிர்.

கொட்டையில் இரண்டு இனம் முக்கியம். அரபிக்கா வாசம் கூடியது, கைப்புக் குறைந்தது. ரொபஸ்ராவில் கைப்பும் கூட, கஃபீனும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நித்திரைப் பிரச்சினை உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் முக்கியமானது. கடைக்காரரிடம் எது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் ரொபஸ்ரா என்று எடுத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள்.

வறுவலில் நாங்கள் விடும் பிழை, கருகும் வரை வறுப்பது. தாச்சியில் கொட்டை 'படக் படக்' என்று வெடிக்கும் சத்தம் வரும். அந்த வெடிப்பு ஓய்ந்து சற்று நேரத்தில், கொட்டை கபில நிறமாக இருக்கும்போதே இறக்கிச் சுளகில் பரப்பி ஆறவிடவேண்டும். கறுத்து எண்ணெய் கசியும் வரை விட்டால் கரியின் கைப்புத்தான் வரும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ப்பவர்கள் அவற்றைத் தனியாக வறுக்கவேண்டும். மல்லி கொட்டையை விட வெகு சீக்கிரம் வறுபடும். ஒன்றாகப் போட்டால் கொட்டை பதமாகும் நேரத்தில் மல்லி கருகிவிடும். அம்மா இதை எப்போதும் தனித்தனியாகத்தான் செய்வார். அவரிடம் காரணம் கேட்டால் "அது அப்பிடித்தான்" என்பார்.

வறுத்த கொட்டை இரண்டு மூன்று வாரம் நல்ல வாசத்தோடு இருக்கும். இடித்த தூள் சில நாட்களிலேயே வாசத்தை விடத் தொடங்கும். ஆகவே ஒரு கிலோவை மொத்தமாக மில்லில் கொடுத்து அரைப்பதை விட, கொட்டையை வைத்திருந்து கிழமைக்கு ஒருமுறை கொஞ்சமாக இடிப்பது நல்லது. காற்றுப் புகாத போத்தலில் போட்டு, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைக்கவேண்டும். பிரிட்ஜில் வைத்து அடிக்கடி வெளியே எடுத்தால் ஈரம் பிடிக்கும், மற்றச் சாப்பாட்டின் மணமும் ஏறும்.

தண்ணீர்

ஒரு பேணி கோப்பியில் 98 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் நீரை எடுப்பவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அந்தச் சுண்ணாம்புதான். இந்த வன்தண்ணீர் கோப்பியின் மெல்லிய புளிப்பை அமர்த்தி, மண்சுவை போன்ற ஒரு மந்தத்தைக் கொடுக்கும். தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்க வைத்து, படிவு அடியில் தங்கவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி எடுத்தால் வன்மை ஓரளவு குறையும். உவர்ப்பு இப்படிப் போகாது.

சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கும் தண்ணீரில் சில வேளை தாதுக்கள் முழுக்க நீக்கப்பட்டிருக்கும். அதில் மட்டும் போட்டால் கோப்பி ஒரு உடம்பில்லாமல் புளிக்கும். நாங்கள் இப்போது கிணற்றுத் தண்ணீரும் வாங்கும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து கொதிக்க வைக்கிறோம். எங்கள் குசினியில் செய்த மாற்றங்களில் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இதுதான்.

எந்த முறையில் போடுவது?

கேத்திலில் கொதிக்க வைக்கும் முறைக்குத் தனிச் சாமான் வேண்டியதில்லை. ஆனால் கைப்புக் கூடும். கோப்பி எண்ணெயில் உள்ள கஃபெஸ்ரோல் என்ற பொருளும் பேணிக்குள் வரும். அது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுவது. கம்பி வடி அதைத் தடுக்காது.

வெளிநாட்டிலிருந்து வந்த தங்கச்சி ஒரு பிரெஞ் பிரஸ் கொண்டுவந்து தந்தாள். கண்ணாடிச் சாடிக்குள் தூளை நான்கு நிமிடம் ஊறவிட்டு, கம்பி வலையால் அமத்தி ஊற்றும் சாமான். கோப்பி தடிப்பாக, வாசமாக இருக்கும். ஆனால் அதிலும் வலைதான், எண்ணெய் நிற்காது. அடுப்பில் வைக்கும் மோக்காக் கேத்திலில் நீராவியின் அமுக்கத்தால் தண்ணீர் தூளுக்குள்ளால் மேலே ஏறும். கடும் கோப்பி விரும்புவோருக்கு அது பொருந்தும்.

தமிழ்நாட்டுப் பில்டரில் மேல் தட்டில் தூளை இட்டுக் கொதிநீர் ஊற்றினால், கீழ்த் தட்டில் கெட்டியான வடிநீர் சொட்டும். பாற்கோப்பிக்கு அதைப் போல வேறில்லை. அங்கே சேர்க்கும் சிக்கரியில் கஃபீன் கிடையாது, ஆகவே சிக்கரி கலந்த தூளில் கஃபீன் அந்தளவுக்குக் குறைவு. உடனடிக் கோப்பித்தூளில் கஃபெஸ்ரோல் மிகக் குறைவு, வாசமும் குறைவு.

தாள் வடியில் ஊற்றி எடுக்கும் கோப்பியில் எண்ணெய் அநேகமாக முழுவதும் தாளிலேயே நின்றுவிடும். கொழுப்புக் கூடியவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. தாள் கிடைக்காத இடத்தில் சீலை வடி இரண்டாந்தரத் தெரிவு. வெள்ளைப் பருத்திச் சீலையை இரண்டாக மடித்துத் தைத்தால் போதும். அது எண்ணெயில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் அலசி வெயிலில் காயவிடவேண்டும். ஊத்தை மணம் வந்தால் மாற்றிவிடவேண்டும்.

எங்கள் வீட்டில் மாதத்தில் சில நாள் தாள், மற்ற நாட்களில் சீலை. பிரெஞ் பிரஸ் விருந்தாளிகளுக்கு.

எங்கள் அளவு

வீட்டில் தராசு இல்லை. கரண்டியோடு சந்திக் கடைக்குப் போய்ப் பத்து மட்டக் கரண்டித் தூளை நிறுத்துப் பார்த்தேன். 55 கிராம் வந்தது. ஆகவே எங்கள் மேசைக்கரண்டி ஒன்று ஐந்தரைக் கிராம். ஒரு பங்கு தூளுக்கு 15 முதல் 17 பங்கு தண்ணீர் என்பது வழமையான அளவு. அதன்படி இரண்டு மட்டக் கரண்டித் தூளுக்கு 180 மில்லிலீற்றர் தண்ணீர்.

தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் பொறுக்கவும். தூளை ஒரு சாடியில் போட்டு, தூள் நனையுமளவுக்கு மட்டும் ஊற்றவும். புதுத் தூள் என்றால் நுரைத்துப் பொங்கும். வறுவலில் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுவதுதான் அது. பொங்காவிட்டால் தூள் பழசு. அரை நிமிடத்தில் மிச்சத் தண்ணீரை ஊற்றி, ஒருமுறை கலக்கி மூடவும். மூன்றரை நிமிடம் கழித்து வடிக்கவும். மில்லில் அரைத்த மாத்தூள் என்றால் இரண்டு நிமிடம் போதும். கைத்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். புளித்தால் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

நேரம் பார்த்துக் குடிப்பது

குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரி ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் நீளும். அம்மா ஏழு மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி நடுச்சாமத்தில் அவருக்குள் இருந்திருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். இரத்தச் சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் கோப்பிக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுவது நல்லது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எங்கள் சனத்தின் நித்திரையைக் கெடுத்தது கோப்பி இல்லை. கோப்பியைக் குறைத்தால் கனவுகள் நிற்காது. ஆனால் ஒரு மணிக்கு எழும்பும் மனிதருக்குத் திரும்பப் படுத்தால் கண்ணயர ஒரு வாய்ப்பு வேண்டும். கஃபீன் அந்த வாய்ப்பைக் கெடுக்கிறது. அதற்கு மேல் தொல்லை தொடர்ந்தால் அரச மருத்துவமனைகளின் உளநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவும் போனார்.

பின்னேரத்துக்கு இப்போது எங்கள் வீட்டில் கொட்டை சேராத மல்லிக் கோப்பி. வறுத்த மல்லி, வேர்க்கொம்பு, இரண்டு மிளகு, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. கஃபீன் இல்லை. செட்டிக்குளம் முகாமில் யாரோ ஒரு பிடி மல்லி கொடுத்தபோது அம்மா மூன்று கல் வைத்துப் போட்டதும் இதுதான். அன்று எங்கள் கூடாரத்தில் இருந்த எல்லோரும் ஒரே பேணியில் மாறி மாறிக் குடித்தோம்.

புதுக் கோப்பியை முதலில் குடித்த நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சீனி போடேல்லையோ?" என்று கேட்டார். போட்டது அரைக் கரண்டி. இனிப்பாக இருந்ததாம், அதனால்தான் கேட்டாராம்.

இப்போதும் அவர் இரவில் எழும்புகிறார். சில நாட்களில் மூன்று மணி எழும்பல் இல்லை. பகலில் இரண்டு கோப்பியோடு நிற்கிறார். நாலு மணிக்கு அயல் வீட்டு மாமியிடம் கதைக்கப் போகும்போது அங்கே ஒன்று குடிப்பதாகக் கேள்வி. நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமிக்குத்தான் ஒரு சீலை வடி தைத்துக் கொடுக்கவேண்டும்.