ஒலிக்காத கருவியை நம்பலாமா?

கோவை பீளமேடு விமான நிலையத்தில் சோதனை வாசலைக் கடக்கும்போது சத்தம் வராவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இப்படியொரு சோதனை உண்டு. அங்கே வாசலைக் கடப்பது குழந்தைகளின் சட்டை.

ஓவர்லாக் மெஷினின் ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை துணியில் ஏறி இறங்கும். தடித்த மடிப்பில் பட்டால் சில சமயம் ஒடியும். ஒடிந்த முனை துணியிலேயே தங்கிவிட்டால், போட்டுக்கொள்ளும் பிள்ளையின் உடம்பில் குத்தும். அதனால்தான் ஏற்றுமதிச் சட்டைகள் பேக்கிங்குக்கு முன் நீடில் டிடெக்டரின் பெல்ட்டில் போகின்றன.

இரண்டு கருவிகளுக்கும் அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். விமான நிலைய வாசலில் காந்தப்புலம் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். அது எந்த உலோகத்திலும் சிறு மின்னோட்டத்தைக் கிளப்பும். அதனால் பித்தளை பக்கிளும் அகப்படும். நீடில் டிடெக்டர் பொதுவாக நிலையான காந்தப்புலத்தில் இயங்குகிறது. இரும்பு குறுக்கே போனால்தான் புலம் கலைந்து, கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பித்தளை பட்டனை விட்டுவிட்டு எஃகு ஊசியை மட்டும் பிடிப்பது இதனால்தான்.

கருவி ஒலிக்கவில்லை என்றால் ஊசி இல்லை என்று பொருளா, கருவியே பழுதா? இதற்காகவே 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த அட்டை ஒன்றைக் குறித்த நேரங்களில் பெல்ட்டில் விடுகிறார்கள். இடம், நடு, வலம். ஒவ்வொன்றிலும் கீழ், இடை, மேல் என ஒன்பது இடங்களில் பார்ப்பார்கள். ஓரிடத்தில் ஒலிக்காவிட்டாலும் பெல்ட்டை நிறுத்திவிடுவார்கள். கடைசியாகச் சரியாக ஒலித்த சோதனைக்குப் பின் போன சட்டைகள் எல்லாம் மறுபடி சோதனைக்கு வரும்.

விமான நிலைய எக்ஸ்-ரே திரையிலும் இந்த ஏற்பாடு உண்டு. பயணியின் பைக்குள் துப்பாக்கி இருப்பது போன்ற பொய்ப்படத்தை மென்பொருள் அவ்வப்போது காட்டும். திரையைப் பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்தாரா என்பது பதிவாகும். அபூர்வமாக வரும் ஆபத்துக்காக நாள் முழுவதும் காத்திருக்கும் கண் சோர்ந்துவிடும். அதை விழிக்கவைக்கும் வழி இது.

1999 டிசம்பரில் ஐசி-814 விமானம் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2000 முதல் விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் வரத் தொடங்கியது. அந்தச் சீருடையைக் கண்டாலே நமக்குத் தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் வீண்போகாமல் காப்பது, தவறு இருக்கலாம் என்று எண்ணிக் கருவியையும் கண்ணையும் ஓயாமல் சோதிக்கும் வழக்கம். அதற்காக வரிசை சற்று நின்றால், பொறுத்துக்கொள்வதே நமக்கு நல்லது.