துப்பாக்கியை அறிந்த பிறகே தோளில் வையுங்கள்

நெல் பால் பிடிக்கும் போதும், நிலக்கடலை காய் பிடிக்கும் போதும் செட்டிநாட்டுச் சிற்றூர்களில் உழவர்களுக்கு இரவுத் தூக்கம் இல்லை. வற்றிய கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் புதர்களே காட்டுப்பன்றிகளுக்கு வீடு. பகலெல்லாம் அங்கே படுத்திருந்து, இருட்டியதும் வயலில் இறங்குகின்றன. விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டினாற்போல் கொல்லை கிளறிக் கிடக்கிறது. விதைத்த கடலையைப் பகலில் மயில் பொறுக்குகிறது.

எனவே பயிற்சி முகாம்களில் உரம், விதை, பூச்சி மருந்து பற்றிய கேள்விகளெல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வருவது வழக்கம். "ஐயா, வீட்டில் பழைய துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாமா?" இதற்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. அதனால்தான் இக்கட்டுரை.

பரணில் இருந்த துப்பாக்கி

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் இக்கேள்வியைக் கேட்டவர் அறுபது வயது உழவர். துப்பாக்கி அவருடைய மாமனாருடையது. வாய்ப்புறமாக மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. மாமனார் காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று முதல் அது பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. பன்றிக் காவலுக்கு அதை எடுத்துக் கொடுக்கும்படி மகன் நச்சரிக்கிறான் என்றார்.

அவ்வூரில் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரையும் அழைத்துக்கொண்டு போனோம். அவர் முதலில் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பினார். கேப்பு ஏதும் பொருத்தப்படவில்லை என்று பார்த்துக்கொண்டார். முகத்தை ஒதுக்கி, கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, வாய் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளந்தார். கம்பி அடிவரை போகவில்லை. நான்கு விரற்கடை குறைந்தது.

"உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருக்கின்றன" என்றார்.

பதினைந்து ஆண்டுகளாகக் கெட்டித்த துப்பாக்கி அந்த வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது! பேரப்பிள்ளைகள் அந்தப் பரணில் ஏறி விளையாடியிருக்கிறார்கள். இன்னொன்றையும் பெரியவர் காட்டினார். குழல் துருவேறிக் கறுத்திருந்தது. ஆனால் கேப்பு பொருத்தும் காம்பு மட்டும் வேறு இரும்பில், புதிதாக இருந்தது. எந்தக் காலத்திலோ லேத் பட்டறையில் கடைந்து மாட்டியது. திருகு மரை பாதி தூரமே பிடித்திருந்தது. அந்தப் பையன் அதைத் தோளில் வைத்துச் சுட்டிருந்தால், காம்பு கழன்று பின்னால் பாய்ந்திருக்கும். பாயும் திசையில் இருப்பது சுடுபவனின் கண்.

அதைக் கழற்ற நாங்கள் முயலவில்லை. காவல் நிலையத்துக்குத் தெரிவித்தோம். அவர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள்.

உரிமம் ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பயிர்க் காவலுக்கென்று வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெற இடம் உண்டு. ஆனால் உரிமம் எவர் பெயரில் உள்ளதோ அவருக்கு மட்டுமே அது செல்லும். அப்பாவோ மாமனாரோ காலமானால், துப்பாக்கி நிலத்தைப் போல வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து இரசீது பெற்று, தேவையானால் தம் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால், 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது விலங்கைச் சுட அனுமதி ஆகாது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் உள்ளது. காட்டுப்பன்றி, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர், உழவர் அல்ல. ஆகவே பன்றித் தொல்லை மிகுந்தால் ஊராகச் சேர்ந்து வனத்துறைக்கு எழுதிக் கொடுப்பதே முறை.

ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குச் சேராது

முறையான உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்போர் அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக அறிந்திருக்க வேண்டும்.

ஏர்க்கலப்பையின் கொழு தேய்ந்தால் வேறு கொழு போடலாம். மோட்டார் பம்பில் அளவு பார்த்து வாஷர் மாற்றலாம். கையால் செய்த நாட்டுத் துப்பாக்கி அப்படியல்ல. அதன் குழல், காம்பு, குதிரை எனப்படும் சுத்தி, விசை எல்லாம் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. பக்கத்து வீட்டுத் துப்பாக்கியின் காம்பு பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மரையின் அளவு மயிரிழை வேறுபடும். கையால் திருகும்போது இறுகியதுபோல் தோன்றும். வெடிக்கும் அழுத்தத்தில் கழன்றுவிடும். காம்புக்குப் பெரிதான கேப்பு நழுவி விழும். சிறிதான கேப்பை அழுத்திச் செருகினால் கையிலேயே வெடிக்கும்.

கொல்லுப்பட்டறையிலோ லேத் பட்டறையிலோ துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும், குழலைக் குறுக்குவதும் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் செல்ல வேண்டும். "சின்னத் திருகாணிதானே" என்று எண்ண வேண்டாம்.

மருந்திலும் இதே விதி. வாய்வழித் துப்பாக்கி கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. தோட்டாவைப் பிரித்து எடுத்த புகையில்லா மருந்தை அதில் இட்டால், பல மடங்கு அழுத்தம் உண்டாகிக் குழல் பிளக்கும். "மருந்தெல்லாம் ஒரே மருந்துதான்" என்று நம்பிக் கையை இழந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

மறதியால் இருமுறை கெட்டிப்பதும் பெரிய ஆபத்து. 1863 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கெட்டிஸ்பர்க் என்னும் இடத்துப் போர்க்களத்தில் 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றில் சுமார் 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே இருந்தன. அவற்றிலும் பாதியளவில் இரண்டு கெட்டிப்பு இருந்தது. பயிற்சி பெற்ற படைவீரருக்கே இந்த மறதி என்றால், இரவுக் குளிரில் பரண்மேல் விழித்திருக்கும் உழவர் எம்மாத்திரம்? கெட்டிக்கும் கம்பியில் வெறுங்குழலுக்கு ஒரு கோடும், கெட்டித்த குழலுக்கு ஒரு கோடும் போட்டு வைத்தால், இருட்டிலும் நகத்தால் தடவி அறியலாம்.

தோட்டாவின் எண்ணைப் பாருங்கள்

சில வீடுகளில் தோட்டா போடும் பழைய சீமைத் துப்பாக்கிகள் உண்டு. இவற்றில் 12 போர், 16 போர், 20 போர் என்று சொல்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். ஆகவே எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 12 போரின் துளை 18.5 மி.மீ., 16 போர் 16.8 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ.

இங்கே ஒரு கண்ணி உள்ளது. 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் தவறிப் போட்டால், அது உள்ளே வழுக்கிக் கொண்டு போய்த் தோட்டா அறைக்குச் சற்று முன்னால் குழலில் மாட்டிக்கொள்ளும். சுடுபவர் திறந்து பார்த்தால் தோட்டா அறை காலியாக இருக்கும். போட மறந்தோம் என்று எண்ணி 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுடுவார். குழல் இடக்கைக்கு அருகிலேயே வெடித்துச் சிதறும். இதற்காகவே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் வந்தது. இருவகைத் தோட்டாவையும் ஒரே பையில் வைப்பது, பூச்சி மருந்தையும் சமையல் எண்ணெயையும் ஒரே அலமாரியில் வைப்பதற்குச் சமம்.

நீளமும் பொருந்த வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளமே உடையது. 70 மி.மீ. தோட்டா அதில் தாராளமாக நுழையும். ஏனெனில் தோட்டாவில் குறித்திருப்பது சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். வாய் முழுதும் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று முடிவு செய்யக் கூடாது. குழலின் அடிப்புறத்தில் சோதனைச் சாலையின் முத்திரையும் அளவும் பொறித்திருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இவ்வாறு முத்திரையிட்டு வருகிறது. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்னும் 'நைட்ரோ' முத்திரை இல்லாத பழைய குழலில் இக்காலத் தோட்டாவைப் போடவே கூடாது. முத்திரை புரியாவிட்டால் உரிமம் பெற்ற வணிகரிடம் காட்டிக் கேளுங்கள்.

குழாய்த் துப்பாக்கி வேண்டாம்

உரிமத் துப்பாக்கி கிடைக்காதவர்கள் இப்போது குரங்கையும் பறவையையும் விரட்டக் கார்பைடு கல்லால் வெடிக்கும் பிளாஸ்டிக் குழாயை நாடுகிறார்கள். விலை குறைவு, உரிமம் கேட்பாரில்லை என்று வாங்குகிறார்கள். தண்ணீர்க் குழாய் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. வெடிக்கும் வாயுவைத் தாங்க அல்ல. கார்பைடில் நீர் பட்டால் உண்டாகும் அசிட்டிலின் வாயு, காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே வெடிக்கக் கூடியது. குழாய் உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல் தெறிக்கும்.

2025 அக்டோபரில் தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், போபாலிலும் பிற ஊர்களிலும், இத்தகைய குழாய்களால் நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ணில் காயம்பட்டனர். பெரும்பாலோர் சிறுவர்கள். சிலர் பார்வையை இழந்தனர். வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த நொடியில் வெடித்ததே பலருக்கு நேர்ந்தது. கண்ணில் கார்பைடு தூளோ சுண்ணாம்போ பட்டால் கசக்காமல், சுத்தமான நீரை ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெடிச் சத்தமே வேண்டாம் என்று வாழும் ஊரும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருப்பத்தூர் அருகே 1977 இல் அமைக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அப்பகுதி வயல்களில் வெடிக் குழாயைக் கொண்டு போவது அம்மக்களின் பல்லாண்டு நோன்பைக் கெடுப்பதாகும்.

பன்றியைத் தடுக்க, வயலை ஒட்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுவது முதல் வேலை. நிலக்கடலைக்கு வரப்போரம் முள்ளுள்ள குசும்பாவையும், மக்காச்சோளத்துக்கு ஆமணக்கையும் சில வரிசைகள் நெருக்கமாக விதைக்கலாம். தனித்தனியே விழித்திருப்பதை விட, நாலைந்து கொல்லைக்காரர்கள் முறை வைத்துக் காவல் இருப்பது நல்லது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை வழங்கும் இழப்பீட்டுக்குப் புகைப்படத்துடன் உடனே விண்ணப்பியுங்கள்.

நினைவில் வைக்க

1. எந்தத் துப்பாக்கியையும் கெட்டித்ததாகவே கருதுங்கள். வாயை எவர் பக்கமும் திருப்பாதீர்கள்.

2. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கியை அப்படியே சுடாதீர்கள். குழலில் துரு, குளவிக் கூடு, அடைப்பு உள்ளதா என்று பாருங்கள். சிறிது மண் அடைத்திருந்தாலும் குழல் பிளக்கும்.

3. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயை ஆளில்லாத திசையிலேயே வைத்துக் குறைந்தது ஒரு நிமிடம் பொறுங்கள். மருந்து தாமதமாகப் பற்றக் கூடும்.

4. கருமருந்தால் சுட்ட குழலை அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுங்கள். அதன் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்.

5. துப்பாக்கி ஓரிடம், மருந்து வேறிடம், இரண்டுக்கும் பூட்டு. சாவி பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது.

6. பரணில் பழைய துப்பாக்கி கிடந்தால் நீங்களே சோதிக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அந்த அறுபது வயது உழவரை அடுத்த பருவத்தில் பார்த்தேன். கண்மாய்க் கரையோரப் புதரை அயலாருடன் சேர்ந்து அகற்றியிருந்தார். பன்றி அறவே நின்றுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. "கொஞ்சம் கடலை போச்சு சார். பையன் கண்ணு இருக்கு" என்றார்.