விஞ்ஞான வகுப்பின் வாயிலில்

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் பலர், விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுவது ஏன்? பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் உழைத்துத் தம் மக்களைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிந்திக்கவேண்டிய வினா இது.

தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு முதல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் மேல்நிலைப் பள்ளியைச் சேர்ந்தவை ஆயின. கர்நாடகத்திலோ அவ்விரண்டு ஆண்டுப் படிப்பு இன்றும் பி.யூ.சி. என்றே வழங்குகிறது. பத்தாம் வகுப்பைத் தமிழிலோ கன்னடத்திலோ முடித்த பிள்ளை, கோடை விடுமுறை கழிந்ததும் கல்லூரி என்னும் பெயருடைய இடத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும் பௌதிக, ரசாயன வகுப்புகளில் அமர்கிறது. அங்கே அதற்குத் துணையாவன மூன்று: கணக்கு, அளவு, சொல்.

முதலில் கணக்கு. 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பீன்யாவிலுள்ள இஸ்ரோ மையத்திலிருந்தே விஞ்ஞானிகள் கண்காணித்தனர். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வானொலி அலை விநாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் செல்லும். அங்கிருந்து செய்தி வர எவ்வளவு நேரமாகும்? வகுத்தால் ஏறத்தாழ 1.28 விநாடி. இத்தகைய பெரிய எண்களைப் பத்தின் அடுக்குகளாக எழுதுதல், விகிதம், வரைபடம் ஆகியவற்றில் தடுமாறும் மாணவர், பௌதிகம் கடினம் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவரைத் தடுப்பது எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கேயாகும்.

அடுத்தது அளவு. பௌதிகப் பாடம் அலகுகளிலும் அளவீட்டிலும் தொடங்குகிறது. லேத்தில் பணிபுரியும் தந்தை அன்றாடம் கையாளும் மைக்ரோமீட்டரே ஒரு சிறந்த பாடநூல். பொதுவாக அதன் உருளை ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். உருளையின் விளிம்பில் 50 பிரிவுகள் உள. ஆகவே ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டரைக் குறிக்கும். இதனைத் தந்தை ஒருமுறை விளக்கினால், மீச்சிற்றளவு என்பது மனப்பாடம் செய்யும் வரியாக இராது.

மூன்றாவது சொல். தமிழில் நிறை என்பதைக் கன்னடத்தில் திரவ்யராசி என்பர். ஆங்கிலத்தில் மாஸ் என்பர். எடை என்பது வேறு. ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள மூட்டையின் எடை பூமியில் சுமார் 490 நியூட்டன்; நிலவில் அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. நிறையோ இரண்டிடத்தும் மாறாது. கருத்தைத் தாய்மொழியில் தெளிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் மற்றொரு பெயராக மட்டுமே நிற்கும். தெளியாத பிள்ளைக்கு மூன்று மொழியிலும் அது வெறும் ஒலியே.

இவற்றோடு, நாம் அறியாமல் சுமந்துவரும் பழைய எண்ணங்களும் உண்டு. மேலே எறிந்த பந்து உயரும்போது அதன்மீது மேல்நோக்கிய விசை இருக்கிறதா? பலர் ‘ஆம்’ என்பர். காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், கையை விட்டபின் அதன்மீது செயற்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு ஒன்றே. இத்தகைய வினாக்களைக் கொண்ட தேர்வு ஒன்றை அமெரிக்காவில் ஹெஸ்டனிஸும் அவர்தம் துணைவர்களும் 1992-இல் வெளியிட்டனர். சூத்திரங்களைக் கொண்டு கணக்கிடத் தெரிந்த கல்லூரி மாணவரிடத்தும் பழைய எண்ணம் நீங்காதிருப்பதை அது காட்டிற்று.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? கோடை விடுமுறையில் பி.யூ.சி. பாடத்தை முன்கூட்டியே நெட்டுருச் செய்விப்பதைவிட, பழைய கணக்குப் புத்தகத்தை மீண்டும் திறக்கச் செய்வது நன்று. வீட்டிலுள்ள பொருள்களை அளந்து, அலகோடு எழுதச் சொல்லலாம். நாளைக்கு ஐந்து கலைச்சொற்களைத் தம் சொந்த வாக்கியத்தில் விளக்கச் சொல்லலாம். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன், ‘நம் பிள்ளைக்கு விஞ்ஞானம் வராது’ என்று தீர்ப்பளித்துவிடுவோர் உளர். குறை அறிவில் இல்லை, ஆயத்தத்தில்தான் உள்ளது என உணர்ந்தால், அத்தீர்ப்பினால் பாதியில் நிற்கும் படிப்புகள் பல தொடரும்.