ஹோலிக்கு வீட்டிலேயே வண்ணம்

பனிக்காலம் முடிகிறது. வெயில் மெல்ல ஏறுகிறது. மரங்கள் துளிர்க்கின்றன. அப்போது வட இந்தியாவில் ஹோலிப் பண்டிகை வரும். பால்குன மாதப் பௌர்ணமியில் வரும் பண்டிகை இது. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும்.

முதல் நாள் இரவு தெரு முனையில் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். பிரகலாதனைக் கொல்ல நினைத்த ஹோலிகை தானே தீயில் வெந்து போனாள் என்பது கதை. மறுநாள் காலை வண்ண விளையாட்டு தொடங்கும். ஒருவர் முகத்தில் ஒருவர் வண்ணப் பொடியைப் பூசுவார்கள். இந்தப் பொடிக்குக் குலால் என்று பெயர். சிறுவர்கள் பீச்சாங்குழலில் வண்ண நீரை நிரப்பி அடிப்பார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் மாமன், மச்சான் மேல் மஞ்சள் நீர் ஊற்றுவது போன்ற மகிழ்ச்சி அது.

முகத்தில் பூசும் வண்ணம் முகத்தோடு நிற்பதில்லை. கண்ணில் விழும். மூச்சோடு உள்ளே போகும். வாயிலும் படும். ஆகவே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த வண்ணம் எதனால் செய்யப்பட்டது?

காட்டில் பூத்த வண்ணம்

முன்பு ஹோலி வண்ணம் மரத்தில் பூத்தது. அந்த மரம் புரச மரம். பலாச மரம் என்றும் சொல்வார்கள். இந்தியில் இதன் பூவுக்கு டேசு என்று பெயர். சென்னையில் உள்ள புரசைவாக்கம் இந்த மரத்தால் பெயர் பெற்ற ஊர். வங்காளத்தில் 1757-இல் போர் நடந்த பிளாசியும் பலாச மரத்தால் பெயர் பெற்றதே.

ஹோலி வரும் சமயத்தில் புரச மரம் இலைகளை உதிர்த்துவிடும். கிளை முழுவதும் பூ மட்டுமே இருக்கும். பூவின் இதழ் கிளி மூக்குப் போல வளைந்திருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் காடு தீப்பிடித்தது போலத் தெரியும். ஜார்க்கண்ட் மாநிலத்தின் மலர் இதுதான்.

இந்தப் பூவை நீரில் ஊற வைத்தால் ஆரஞ்சு நிறம் இறங்கும். உத்தரப் பிரதேசத்தில் மதுரா, பிருந்தாவனம் பகுதிக் கோயில்களில் இன்றும் டேசுப் பூ நீரால் ஹோலி ஆடுகிறார்கள்.

சாயம் வந்த கதை

1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்ற இளைஞர் ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். நிலக்கரித் தாரில் கிடைத்த பொருளைக் கொண்டு அதைச் செய்தார். அதன் பிறகு பல நிறங்களில் செயற்கைச் சாயங்கள் வந்தன. அவை மலிவாகக் கிடைத்தன. பளிச்சென்று இருந்தன. ஹோலி வண்ணத்திலும் அவை நுழைந்தன.

துணிக்குப் போடும் சாயம் எப்படி இருக்க வேண்டும்? நூலை இறுகப் பற்ற வேண்டும். எத்தனை முறை துவைத்தாலும் போகக் கூடாது. அதற்காகவே அது செய்யப்படுகிறது. முகத்தில் பூசும் வண்ணம் அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஒரு சொம்பு நீரில் கழுவினால் போய்விட வேண்டும்.

துணிக்கும் தோலுக்கும் காகிதத்திற்கும் உரிய சாயத்தை உடம்பில் பூசினால் என்ன ஆகும்? அரிப்பு வரும். கொப்புளம் வரலாம். கண் சிவந்து எரியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். மலக்கைட் பச்சை என்பது ஒரு தொழிற்சாலைச் சாயம். ஹோலி வண்ணத்தில் இருந்த இந்தச் சாயம் கண்ணின் மேல்படலத்தைப் புண்ணாக்கியதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

மும்பையில் நடந்தது

2012 மார்ச் 8. அன்று ஹோலி. மும்பையில் தாராவிப் பகுதிச் சிறுவர்கள் வண்ணம் பூசி விளையாடினார்கள். சிறிது நேரத்தில் பலருக்குத் தலை சுற்றியது. வாந்தி வந்தது. இருநூறு பேருக்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்து போனான்.

பண்டிகை நாள் ஒரு வீட்டுக்குத் துக்க நாள் ஆனது. பிள்ளைகள் கையில் இருக்கும் பொடி என்ன பொடி என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள நல்ல வழி, அதை வீட்டிலேயே செய்வது.

வீட்டில் செய்யும் முறை

இதற்குப் பெரிய செலவு இல்லை. சமையலறையில் இருக்கும் பொருள்களே போதும். மண் பானையோ எவர்சில்வர் பாத்திரமோ எடுத்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டி வேண்டாம். வண்ணம் கறுத்துவிடும்.

மஞ்சள்: ஒரு பங்கு மஞ்சள் தூள், இரண்டு பங்கு கடலை மாவு. இரண்டையும் கலந்து இருமுறை சலிக்க வேண்டும். பொடி தயார். கஸ்தூரி மஞ்சள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கறை குறைவு. விரலி மஞ்சளை வாங்கி மில்லில் அரைப்பது பாதுகாப்பானது. உதிரியாக விற்ற சில மஞ்சள் தூள்களில் ஈயம் கலந்த நிறப்பொருள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் உடலுக்கு நஞ்சு.

ஆரஞ்சு: காய்ந்த புரசம்பூ இரண்டு கைப்பிடி எடுக்கவும். நான்கு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைக்கவும். காலையில் பத்து நிமிடம் கொதிக்க விடவும். நன்றாக ஆறிய பின் துணியில் வடிகட்டவும். இது பீச்சாங்குழலுக்கு ஏற்ற நீர்.

சிவப்பு: செம்பருத்தி இதழ்களை நிழலில் உலர்த்திப் பொடியாக்கவும். அரிசி மாவுடன் கலக்கவும். வண்ண நீர் வேண்டுமானால் ஒரு பீட்ரூட்டைத் துருவி ஒரு லிட்டர் நீரில் இரவில் ஊற வைக்கவும். காலையில் அழகான ரோஜா நிறம் இருக்கும். இதைக் கொதிக்க விட வேண்டாம். அதிகமாகக் காய்ச்சினால் நிறம் மங்கும்.

பச்சை: மருதாணி இலையை நிழலில் உலர்த்திப் பொடி செய்து, அதே அளவு மாவுடன் கலக்கவும். இதை உலர்ந்த பொடியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். நனைந்தால் தோலில் சிவப்பாகப் பிடித்துவிடும். அது நம் பெண்களுக்குத் தெரிந்ததுதானே! பச்சை நீர் வேண்டுமானால் கீரையை அரைத்து நீரில் கரைத்து வடிகட்டலாம்.

நீலம்: நீலச் சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு மூடி வைக்கவும். கால் மணி நேரத்தில் நீர் நீலமாகும். அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா நிறமாக மாறும். ஒரே பூவில் இரண்டு வண்ணம். பிள்ளைகளை அருகில் வைத்துச் செய்து காட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு நிறம் வரும். குங்குமம் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஹோலி வண்ணத்தில் சுண்ணாம்பு சேர்க்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

வீட்டில் செய்த பொடியையும் கண்ணில் போடக் கூடாது. மாவுப் பொடி கண்ணை உறுத்தும். பூவும் இலையும் சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது.

வண்ண நீரைச் செய்த அன்றே பயன்படுத்த வேண்டும். வைத்திருந்தால் புளித்துப் போகும். பொடியில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

விளையாடும் முன் முகத்திலும் தலையிலும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். விளையாடி முடிந்ததும் முதலில் பொடியைத் தட்டிவிட வேண்டும். பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது.

எந்த வண்ணமாவது கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது. சுத்தமான நீரால் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். எரிச்சல் நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டால் கறை சிவக்கும். பயப்பட வேண்டாம். அலசினால் மீண்டும் மஞ்சளாகும். நல்ல வெயிலில் காயப் போட்டால் கறை மங்கிவிடும்.

பூவில் வருமானம்

பல மாநிலங்களில் மகளிர் குழுக்கள் ஹோலிக்கு முன் பூக்களையும் கீரையையும் கொண்டு குலால் செய்து விற்கின்றன. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் புரசம்பூ காட்டில் உதிர்ந்து கிடக்கிறது. அதைப் பெண்கள் பொறுக்கி உலர்த்தி வைக்கிறார்கள். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம், கோயில்களில் சாமிக்குப் போட்ட பூவிலிருந்தும் குலால் செய்யலாம் என்று காட்டியிருக்கிறது. குப்பைக்குப் போகும் பூ காசாகிறது.

கடையில் வாங்குபவர்கள் 'மூலிகை' என்ற எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தார்கள் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். எதுவும் எழுதாத பொட்டலத்தை வாங்கக் கூடாது. படிக்கக் கற்றதன் பயன்களில் இதுவும் ஒன்று.

நினைவில் வையுங்கள்

எந்தப் பொருளில் செய்தது என்று தெரியாத வண்ணத்தைத் தொட வேண்டாம்.

விருப்பம் இல்லாதவர் மேல் வண்ணம் பூச வேண்டாம்.

அடுத்தவர் முகத்தில் பூசும் வண்ணம், நம் வீட்டுக் குழந்தையின் முகத்திலும் பயமில்லாமல் பூசக்கூடியதாக இருக்க வேண்டும்.