கிணற்று நீருக்கும் கணக்கு வையுங்கள்

அமராவதி நகரை ஒட்டிய அமராவதி அணை 1957-ல் கட்டப்பட்டது. முழு நீர்மட்ட உயரம் 90 அடி. பழைய, புதிய ஆயக்கட்டுகளில் 54,637 ஏக்கர் நிலம் இதனை நம்பி இருக்கிறது.

அதே திருப்பூர் மாவட்டத்தில் நொய்யலின் கதை வேறு. பாசனத்துக்கென 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. சுற்றுக் கிணறுகளும் உப்பேறின. கழிவு நீரை வெளிவிட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

திருப்பூர் பனியன் முதலாளிகளில் பலர் உழவர் குடும்பத்தினரே என்பதைப் புவியியல் அறிஞர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். பட்டறையும் தோட்டமும் அயலார் அல்ல.

சுற்றுச்சூழல் மாற்றத்தை ஆராயும் புவியியலார், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ள கிணறு எந்த ஆண்டில் கெட்டது என்று வரைபடத்தில் குறித்து ஒப்பிடுவார்கள். இதை விவசாயிகளும் செய்யலாம். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சுத்தமான பாட்டிலில் கிணற்று நீர் எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் பல பயிர்களுக்கு அந்நீர் ஆகாது.

தேதியிட்டு எழுதிய முடிவுகள் பயிர்த் தேர்வுக்கு வழி காட்டும். நஷ்டஈடு கேட்கும் நாளில் சாட்சியும் ஆகும்.