குன்றை அளந்த கோல்

ஜூல்ஸ் வேர்ணின் 'மர்மத் தீவு' நாவலை மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குன்றொன்றின் உயரத்தை அளக்கும் இடம் வந்ததும் அவள் குறுக்கிட்டாள்: "வாப்பா, இந்தக் கணக்க விட்டுட்டு வாசிச்சா என்ன?"

நான் சிறுவயதில் வாசித்த சுருக்கப் பதிப்பில் அந்தப் பக்கமே இருக்கவில்லை. ஆனால், தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்களின் கதை அது. அந்தக் கேள்விக்கு விடை தருவதே இந்தக் கணக்குத்தான்.

1865இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ரிச்மண்ட் நகரிலிருந்து பலூனில் தப்பிய ஐவர் பெயர் தெரியாத தீவொன்றில் விழுகிறார்கள். பொறியியலாளர் சைரஸ் ஸ்மித், சிறுவன் ஹெர்பர்ட்டையே உதவிக்கு அழைக்கிறார். 12 அடிக் கோலொன்றை 2 அடி ஆழத்தில் மணலில் நடுகிறார். பின்வாங்கிப் படுத்து, கோலின் நுனியும் குன்றின் உச்சியும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் முளையொன்றை அடிக்கிறார். முளையிலிருந்து கோலுக்கு 15 அடி, குன்றின் அடிக்கு 500 அடி. நமது பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாடமாக்கும் இயல்பொத்த முக்கோணிகள்தாம் இவை. 500ஐ 10ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால், உயரம் சுமார் 333 அடி.

உயரம் எதற்கு? தென்துருவத்திலிருந்து 27 பாகை தள்ளியிருக்கும் தென்சிலுவை விண்மீனொன்றை, அது துருவத்துக்குக் கீழே வரும் வேளையில், அந்தக் குன்றின் மேலிருந்துதான் ஸ்மித் அளந்தார். கோணம் 10 பாகை. இரண்டையும் கூட்டினால் 37. அதுவே தெற்கு அகலக்கோடு. ஆனால் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சற்றுத் தாழ்ந்து தெரியும். அதைத் திருத்தவே குன்றின் உயரம் வேண்டியிருந்தது. 333 அடிக்கு அந்தத் தாழ்வு பாகையின் மூன்றிலொரு பங்குதான். மரச்சட்டங்களால் செய்த கருவியின் பிழையோ அதைவிடப் பெரிது. அதனால் 35க்கும் 40க்கும் இடையில் என்றே ஸ்மித் முடிவு சொல்கிறார். தன் அளவையின் எல்லையை அறிந்திருப்பதும் அறிவுதானே!

நெடுங்கோட்டுக்கு உதவியது, ரிச்மண்ட் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரம். தீவில் நண்பகலானபோது அது மாலை 5 மணியைக் காட்டியது. மணிக்கு 15 பாகையாக 75. அதனுடன் அமெரிக்கக் கரையின் 77ஐயும் கூட்ட, மேற்கே 152 பாகை.

இந்த அடிவானத் தாழ்வு நமக்குப் புதிதல்ல. பதினோராம் நூற்றாண்டில் அபூ ரைஹான் அல்பிரூனி, பஞ்சாபின் நந்தனாக் கோட்டைக்கு அருகிலுள்ள மலையொன்றின் உயரத்தைக் கோணங்களால் கணித்தார். பிறகு உச்சியில் நின்று அடிவானத் தாழ்வை அளந்து, அதிலிருந்து பூமியின் ஆரையைக் கண்டார். ஸ்மித் பூமியின் அளவைத் தெரிந்துகொண்டு தாழ்வைத் திருத்துகிறார்; அல்பிரூனி தாழ்வை அளந்து பூமியையே அளந்தார்.

இதைச் சொன்னதும் மகள், "அப்ப நாங்களும் அளக்கேலுமா?" என்றாள். அஸர் நேரத்தை நிழலால் அறிந்த சமூகத்துக்கு இது கஷ்டமா? அன்று பின்னேரம் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நட்டோம். அதன் நிழல் 80 சென்ரிமீற்றர். மினாராவின் நிழல் 16 மீற்றர். விடையை நான் சொல்லவில்லை. அவள் மணலிலேயே வகுத்துப் பார்த்து, "இருவது மீற்றர், வாப்பா!" என்றாள்.